பார்த்தும் சொல்லாதவர்கள்

மட்டக்களப்பு,
17 ஜனவரி 2005

அன்புள்ள ஈனிட் அக்காவுக்கு,

மாதா துணை. நீங்களும் க்ளைவ் அத்தானும் அமெரிக்காவில் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். என்னைக் கேட்டால், கை கால் சுகம். மற்றதை எழுதச் சொல் வரவில்லை.

போனில் இரண்டு பேரும் அழுததுதான் மிச்சம். நடந்ததை நீங்கள் ஒழுங்காகக் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நத்தார்ப் பண்டிகைக்கு நம் டச்பார்க் கடற்கரைத் தெருவில் வழக்கம்போல வயலின், கேக், ஆட்டம் எல்லாம் இருந்தது. எங்கள் கலியாணத்தன்று போலவே என்னோடு கபரிஞ்ஞா ஆடிச் சார்மெயின் களைத்துப்போய்ப் படுத்தாள். சமந்தா நீங்கள் தைத்து அனுப்பிய மஞ்சள் சட்டையைக் கழற்றவே விடவில்லை. கழுத்துக்குப் பின்னால் இருந்த அமெரிக்க லேபலை வந்தவர்கள் எல்லோருக்கும் திருப்பித் திருப்பிக் காட்டினாள். "என்ட அன்ரி ரொக்கட்டுக்குச் சட்டை தைக்கிறவ. எனக்கும் தைச்சவ" என்று ஒரே புளுகம், பெருமை. அந்தச் சட்டையோடேயே நித்திரையாகிவிட்டாள்.

ஞாயிறு காலைப் பூசைக்கு மூன்று பேரும் பட்டணத்து மாதா கோயிலுக்குப் போவதாக இருந்தது. "புள்ள படுக்கட்டும், எழுப்பாதீங்க. நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்றாள் சார்மெயின். போனேன். பூசை முடியவில்லை, வெளியே சனம் கடல் வருகுது என்று கத்திக்கொண்டு ஓடியது. கல்லடிப் பாலத்தில் என்னைப் பிடித்து நிறுத்தினார்கள். விட்டபிறகு ஓடிப்போய்ப் பார்த்தால் தெருவைக் காணவில்லை அக்கா. வீட்டைக் காணவில்லை என்று எழுதவில்லை. தெருவையே காணவில்லை. எங்கே நின்று யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் நின்றேன்.

சார்மெயினைக் கண்டெடுத்து அடக்கம் செய்தோம். சமந்தா இன்னும் கிடைக்கவில்லை.

மார்ச்சில் மூன்றாம் மாத நினைவுப் பூசை வைக்கவேண்டும். "ரெண்டு பேர்ட பேரையும் சேர்த்து வாசிப்பம், றூபெர்ட்" என்கிறார் பங்குச் சுவாமி. சொந்தக்காரரும் அதையே சொல்கிறார்கள். வாசித்தால் என் பிள்ளை செத்துவிட்டது என்று நானே சொன்னதாகிவிடும். மனம் ஒப்பவில்லை. நீங்கள் மூத்தவர். நீங்கள் சொல்வதைச் செய்கிறேன்.

உங்கள் தம்பி,
றூபெர்ட்


டைட்டஸ்வில், புளோரிடா,
2 பெப்ரவரி 2005

என் அன்புத் தம்பி றூபெர்ட்,

ஆண்டவர் உன்னைத் தாங்கட்டும். சாப்பிடுகிறாயா? பொய் எழுதாதே, நீ சாப்பிடமாட்டாய் என்று எனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தை வைத்துவிட்டுப் போய் ஏதாவது வாயில் போட்டுக்கொண்டு வந்து மீதியைப் படி.

பிள்ளையின் பெயரை வாசிக்க விடாதே. சுவாமியின் காலில் விழுந்தாலும் பரவாயில்லை, விடாதே. ஏன் என்று சொல்கிறேன்.

நேற்றோடு இரண்டு வருடம், கொலம்பியா திரும்பி வராமல் போய். பேப்பர்க்காரர் விண்ணோடம் என்று எழுதுகிறார்கள். எனக்கு அது கப்பல். ரொக்கட் மாதிரி ஒருதரம் எரித்துவிட்டு எறிகிற சாமான் இல்லை. ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும், வரும், மறுபடியும் போகும். கண்ணாடி நூலில் நெய்த வெள்ளைத் துணிக்குள் பஞ்சு வைத்து நாங்கள் தைத்துக் கொடுக்கிற போர்வைகளை அதன் மேல்பக்கத்தில் ஒட்டுவார்கள். பூமிக்குத் திரும்பும்போது எரிகிற சூட்டைத் தாங்குவதற்கு. கப்பல் வந்ததும் பழுதானதைக் கழற்றிவிட்டுப் புதிது தைத்துப் போடுவோம். கொலம்பியாவிலும் நான் தைத்தது இருந்தது.

அன்றைக்கு அது இறங்குவதைப் பார்க்க எங்களில் சிலரை விட்டிருந்தார்கள். இறங்க முன்னம் வானத்தில் இரண்டு வெடிச்சத்தம் கேட்கும். ஊரில் யன்னலெல்லாம் அதிரும். அது கேட்டதும் நாங்கள் கைதட்டுவோம். அன்று கேட்கவில்லை. இறங்கவேண்டிய நேரத்தைக் காட்டிய பெரிய மணிக்கூடு பூச்சியத்துக்கு வந்து, பிறகு மேல்நோக்கி எண்ணத் தொடங்கியது. எல்லோரும் அண்ணாந்தபடியே நின்றோம். வானத்தில் ஒரு குருவிகூட இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பயந்துதான் அண்ணாந்திருந்தோம் என்று இப்போது நினைக்கிறேன்.

அதைவிடக் கொடுமை பிறகுதான் தெரிந்தது. புறப்படும்போதே கப்பலின் இறக்கையில் ஏதோ அடித்ததைக் கண்டிருக்கிறார்கள். படம் எடுத்துப் பார்ப்போம் என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். பார்த்து என்ன செய்யப்போகிறோம் என்று மேலதிகாரிகள் விட்டுவிட்டார்களாம். மேலே இருந்த ஏழு பேருக்கும் பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்களும் நம்பிச் சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். இதைக் கேட்டு நான் தையல் மேசையிலேயே வாந்தி எடுத்தேன்.

பார்க்காமல் விட்டவர்களோடு நீயும் சேராதே. தேடு. ஆஸ்பத்திரி, பிள்ளைகள் மடம், எல்லா இடமும் தேடு. நானும் இங்கிருந்து எழுதக்கூடிய இடத்துக்கெல்லாம் எழுதுகிறேன்.

சாப்பிடு. அத்தானும் அதையே சொல்லச் சொன்னார்.

உன் அக்கா,
ஈனிட்


மட்டக்களப்பு,
14 ஆகஸ்ட் 2005

அன்புள்ள அக்கா,

மாதா துணை. சுகம். சாப்பிடுகிறேன், அடுத்த கடிதத்தில் ஏசவேண்டாம். மோட்டார் சைக்கிள் திருத்தும் கடையை மறுபடியும் திறந்துவிட்டேன்.

பூசையில் சார்மெயினின் பெயரை மட்டும்தான் வாசித்தார்கள். சுவாமிக்கு முகம் கறுத்துவிட்டது.

தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். பெரியகல்லாற்று நல்லரத்தினத்தை உங்களுக்கு நினைவிருக்குமே, தோணிக்காரர். அவருடைய தம்பி குடும்பமும் போய்விட்டது. அவர்தான் என் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறி வருகிறார். தெற்கே திருக்கோவில் வரைக்கும், வடக்கே வாகரை வரைக்கும் போய்விட்டோம். போகிற இடமெல்லாம் ஒரே பதில். சமந்தாவின் படத்தைப் பார்ப்பார்கள். "இது வெள்ளக்காரப் புள்ளயெல்லா? வெளிநாட்டாக்கள எல்லாம் அப்பவே கொழும்புக்குக் கொண்டு போயிட்டாங்களே" என்பார்கள். இல்லை ஐயா, இது தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருக்கிற மட்டக்களப்புப் பறங்கிப் பிள்ளை, என் பிள்ளை என்று விளங்கப்படுத்த வேண்டியிருக்கிறது. பாசிக்குடாவில் ஒருவரோடு நான் சண்டைக்கே போய்விட்டேன். நல்லரத்தினம் இழுத்துக்கொண்டு வந்தார்.

உங்கள் கப்பல் மறுபடியும் பறந்ததை டீவியில் பார்த்தேன். மேலே போனதும் குப்புறப் புரண்டதே, ஏன்? கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் பழுதாகிவிட்டது என்றார்கள்.

உங்கள் தம்பி,
றூபெர்ட்


டைட்டஸ்வில்,
5 செப்டம்பர் 2005

என் அன்புத் தம்பிக்கு,

ஆண்டவர் துணை. நாங்கள் நல்ல சுகம், அத்தானுக்கு முழங்கால் வலி மட்டும். அது வேலை செய்யச் சொன்னால் வரும், மீன் பிடிக்கப் போனால் போய்விடும்.

கப்பல் பழுதாகிப் புரளவில்லை, மடையா. வேண்டுமென்றே புரட்டினார்கள். மேலே விண்வெளி நிலையத்தில் இருக்கிறவர்கள் அதன் வயிற்றைப் படம் எடுப்பதற்கு. ஒரு கீறல் இருந்தாலும் கண்டுபிடிக்கவேண்டும், கண்டால் மறைக்கக்கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். இனி ஒவ்வொரு தரமும் அப்படித்தான் செய்வார்கள். அந்தக் குட்டிக்கரணத்தைப் பார்த்து தையல் அறையில் நாங்கள் எல்லோரும் ஒப்பாரி வைக்காத குறை. மழை மேகம் என்று கடைசியில் அது எங்களை ஏமாற்றிவிட்டுக் கலிபோர்னியாவில் போய் இறங்கியது. இரண்டு வெடிச்சத்தமும் அங்கேதான் கேட்டிருக்கும். இருந்தாலும் பத்திரமாக இறங்கியது.

இன்னும் சில வருடம்தான், பிறகு கப்பல்களுக்கெல்லாம் ஓய்வு என்று அறிவித்துவிட்டார்கள். 2010 வரைக்கும் என்கிறார்கள். அதற்கிடையில் சமந்தாவைக் கண்டுபிடித்து நீ இங்கே கூட்டிக்கொண்டு வரவேண்டும். ஒரு கப்பல் எழும்புவதை அவள் பார்க்கவேண்டும்.

நான் எழுதிய இடங்களில் ஒன்றிலிருந்து பதில் வந்திருக்கிறது. கடலில் காணாமற்போன வெளிநாட்டவர்களைத் தேடுகிற காரியாலயம். உள்ளூர்ப் பிள்ளை தங்கள் பொறுப்பில்லை என்றாலும் பார்ப்பதாகச் சொல்கிறார்கள். ஒரு பிடி கிடைத்திருக்கிறது றூபெர்ட், நான் விடமாட்டேன்.

உன் அக்கா,
ஈனிட்


டைட்டஸ்வில்,
11 மார்ச் 2006

(எழுதி, உறையில் போட்டு, அனுப்பாமல் வைத்த கடிதம்)

றூபெர்ட்,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. சுகம் விசாரிக்க எனக்கு வாய் இல்லை.

சமந்தா இல்லை. போய்விட்டாள். கடல் வந்த அந்த வாரமே போய்விட்டாள்.

அந்தக் காரியாலயத்திலிருந்து ஒரு படம் அனுப்பினார்கள். அடையாளம் தெரியாத பிள்ளைகளின் உடுப்புகள். அதில் ஒரு மஞ்சள் சட்டை. பாசிக்குடாப் பக்கம் கரை ஒதுங்கிய பிள்ளை. அஞ்சு வயது மதிப்பு. வெள்ளைத் தோல், செம்பட்டை முடி. கழுத்தில் அமெரிக்க லேபல். அமெரிக்க உல்லாசப் பயணியின் பிள்ளை என்று எழுதி, வெளிநாட்டவர்களோடு சேர்த்துக் கொழும்புக்கு அனுப்பியிருக்கிறார்கள். தேடி ஒருவரும் வராததால் அங்கேயே புதைத்துவிட்டார்கள்.

நான் தையலைப் பார்த்தேன். கரை மடிப்பு முடிகிற இடத்தில் நூலை மூன்று தரம் திருப்பி எடுத்திருக்கிறது. வேலையில் பழகிய பழக்கம், சாதாரணச் சட்டைக்கு ஒருவரும் அப்படிச் செய்யமாட்டார்கள். என் கை எனக்குத் தெரியாதா?

அந்த லேபல் கடையில் வந்தது இல்லை, தம்பி. துணியை வாங்கி நானே தைத்த சட்டைக்கு லேபல் ஏது? லேபலை வேறு உடுப்பிலிருந்து அறுத்தெடுத்து வைத்துத் தைத்தேன். டச்பார்ப் பிள்ளைகள் பார்க்கட்டும், அன்ரி அமெரிக்காவிலிருந்து அனுப்பியது என்று சமந்தா காட்டட்டும் என்று. என் பெருமைக்காகத் தைத்தேன். அது இல்லாவிட்டால் அந்தப் பிள்ளையை மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில்தானே வைத்திருப்பார்கள்? நீ அங்கே எத்தனை தரம் போனாய்! தாயோடு சேர்த்து அடக்கியிருப்பாய். உன் பிள்ளையை உன்னிடமிருந்து கொண்டுபோனது கடல் இல்லை. நான்.

படத்தை அனுப்பிய அதிகாரி போன் எடுத்தார். "சட்டை அடையாளம் தெரிகிறதா?" என்று கேட்டார். தெரியவில்லை என்று சொன்னேன். என் வாய்தான் சொன்னது. போனை வைத்தபிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது. அத்தான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். திரும்ப எடுத்துச் சொல் என்றார். கை போகவில்லை.

பார்க்காமல் விட்டவர்களை ஏசி உனக்கு எழுதினேனே. நான் பார்த்துவிட்டேன். எல்லாம் தெரிந்துகொண்டு இங்கே உட்கார்ந்திருக்கிறேன், நீ அங்கே ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்குகிறாய்.

இதை நாளைக்கு அனுப்புகிறேன்.

ஈனிட்


டைட்டஸ்வில்,
13 மார்ச் 2006

அன்புத் தம்பிக்கு,

ஆண்டவர் துணை. நாங்கள் சுகம். நீ சுகமா? இங்கே குளிர் குறைந்துவிட்டது. அத்தான் தோட்டத்தில் தக்காளி வைத்திருக்கிறார்.

காரியாலயத்திலிருந்து உபயோகமான பதில் ஒன்றும் இல்லை.

தம்பி, நான் யோசித்துப் பார்த்தேன். நீ போதுமான அளவு தேடிவிட்டாய். உடம்பையும் பார்க்கவேண்டும். சுவாமி சொன்னபடி பிள்ளைக்கு ஒரு பூசை வைத்துவிடு. மனதுக்கு ஆறுதலாயிருக்கும்.

அக்கா


மட்டக்களப்பு,
20 ஏப்ரல் 2007

அக்காவுக்கு,

மாதா துணை. சுகம்.

ஒரு வருடமாக உங்கள் கடிதங்களுக்குப் பதில் போடவில்லை. வேலை அதிகம் என்று பொய் எழுத விருப்பமில்லை. கோபம். தேடு என்று சொன்னது நீங்கள். ஊர் முழுக்க என்னைப் பைத்தியம் என்று சொன்னபோது உங்கள் கடிதத்தை மடித்துச் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு ஒருநாள் தக்காளிச் செடியைப் பற்றி எழுதிவிட்டு, அதே கடிதத்தில் என் பிள்ளையைச் சாகடித்துவிடச் சொல்கிறீர்கள். அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டேன்.

இங்கே மறுபடியும் சண்டை. படுவான்கரையில் ஷெல் விழுந்து சனம் முழுக்க வாவியைக் கடந்து இந்தப் பக்கம் வந்திருக்கிறது. எங்கே பார்த்தாலும் கூடாரம். நானும் நல்லரத்தினமும் ஒவ்வொரு முகாமாகப் போகிறோம். ஒரு கூடாரத்தில் செம்பட்டை முடியோடு ஒரு பெண்பிள்ளை குனிந்திருந்தாள். கிட்டப் போனேன். கண்ணகை என்று ஒரு தாய், பிள்ளையை இழுத்து மடிக்குள் வைத்துக்கொண்டாள். "இது என்ட புள்ள அண்ணன். சாப்பாடில்லாமத்தான் முடி இப்பிடிச் செம்பட்டையாப் போச்சு. அப்பிடிப் பாக்காதீங்க, பயமா இரிக்கி" என்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அந்த முகாமில் பாதிப் பிள்ளைகளுக்கு முடி செம்பட்டைதான் அக்கா.

நான் நிறுத்தமாட்டேன். இதை மட்டும் சொல்லத்தான் எழுதினேன்.

றூபெர்ட்


டைட்டஸ்வில்,
9 ஜூலை 2007

என் தம்பி றூபெர்ட்,

ஆண்டவர் துணை. உன் கோபம் நியாயம். நான் சுகமாக இல்லை, ஆனால் நோய் என்று டாக்டரிடம் சொல்ல ஒன்றுமில்லை.

போன மாதம் போன கப்பலில் ஒரு போர்வையின் மூலை புறப்படும்போதே எழும்பிவிட்டது. டீவியில் எல்லோரும் பார்த்தார்கள். தையல் அறையில் ஒவ்வொருத்தியும் அது தன் கையால் தைத்ததா என்று மனதுக்குள் தேடினோம். மேலே போனவர்களில் ஒருவர் வெளியே இறங்கி, காயம் தைக்கிற கருவியால் அதைக் குத்தி ஒட்டவைத்துவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு அழுகை நிற்கவில்லை. கூட வேலை செய்கிறவர்கள் சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து அணைத்துக்கொண்டார்கள்.

கண்டால் மறைக்கக்கூடாது என்று உனக்கு எழுதினேனே, நினைவிருக்கிறதா? அதைப்பற்றி உனக்கு இன்னும் எழுதவேண்டும். இன்றைக்கு முடியவில்லை.

முகாம்களுக்குப் போகும்போது கவனம். ஒரு கேள்வியும் கேட்காமல் ஆட்களைப் பிடிக்கிறார்களாம்.

ஈனிட்


மட்டக்களப்பு,
12 டிசம்பர் 2009

அன்புள்ள அக்கா, அத்தான்,

மாதாவுக்குத் தோத்திரம். இரண்டு வருடத்துக்குப் பிறகு எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

சமந்தா வீட்டில் இருக்கிறாள்.

மே மாதம் வன்னியில் சண்டை எல்லாம் முடிந்ததும் தனித்துப்போன பிள்ளைகளை வவுனியாவில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற இல்லம் ஒன்றில் சேர்த்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பல தரம் அலைந்து, கடைசியாகப் போன மாதம் உள்ளே விட்டார்கள். முற்றத்தில் ஒரு பெண்பிள்ளை நின்றாள். வெள்ளை நிறம், பூனைக்கண். பத்து வயது சொல்லலாம். கச்சேரியில் புதிதாக எடுத்த பிறப்புச் சான்றிதழையும் படத்தையும் சிஸ்டரிடம் கொடுத்தேன். அவர் பிள்ளையைக் கூப்பிட்டு, "இவர் உன்ட அப்பாவா?" என்று கேட்டார். பிள்ளை என்னைப் பார்த்தது. "ஓம்" என்றது.

கடல் கொண்டுபோய் யாரோ கையில் சேர்த்து, அவர்கள் வன்னிக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். பிள்ளைக்குச் சின்ன வயதில் நடந்தது நினைவில்லை. கண்ட காட்சிகள் அப்படி. தட்டு விழுந்தாலும் மேசைக்குக் கீழே போய்விடுகிறாள். நல்லரத்தினம் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ஒரு பெரிய கொடுவா மீனைக் கொடுத்துவிட்டுப் போனார்.

சுவாமியிடம் போய்ச் சொன்னேன். பெயரை வாசிக்க விடாதது எவ்வளவு நல்லது என்று அவரே சொன்னார். அது உங்களால்தான் அக்கா. உங்களோடு கோபித்ததற்கு மன்னியுங்கள்.

உங்கள் தம்பி,
றூபெர்ட்


டைட்டஸ்வில்,
8 ஜனவரி 2010

றூபெர்ட்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் இருந்த கதிரையை விட்டு எழும்பவில்லை. அத்தான் வந்துதான் தூக்கினார்.

இதோடு ஒரு பழைய கடிதம் இருக்கிறது. உறையில் உன் முகவரியும் முத்திரையும் அப்படியே இருக்கின்றன. அதைப் படி. பிறகு என்னை என்ன சொல்லவேண்டுமோ சொல்.

உன் வீட்டில் இருக்கிற பிள்ளை சமந்தா இல்லை, தம்பி. யாரோ பெற்ற பிள்ளை. பெற்றவர்கள் எங்காவது உயிரோடு இருந்தால், உன்னைப்போலவே முகாம் முகாமாகத் தேடிக்கொண்டிருப்பார்கள். அதை நினைத்துத்தான் என்னால் இனியும் வாய்மூடி இருக்க முடியவில்லை. உனக்குச் சொல்லாமல் உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்திருந்தேன். என்னைத்தான் காப்பாற்றிக்கொண்டேன்.

மன்னிப்புக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஈனிட்


டைட்டஸ்வில்,
21 ஜூன் 2010

தம்பி,

நாலு மாதமாகப் போன் எடுத்தால் வைத்துவிடுகிறாய். ஒரு வரி போடு. ஏசியாவது போடு.

இங்கே தையல் வேலை முடிகிறது. மிஞ்சியிருக்கிற பயணங்களுக்குப் போதுமான போர்வை இருக்கிறதாம். அதற்குப் பிறகு கப்பல்களைத் துடைத்துக் காட்சிக்கு வைக்கப்போகிறார்கள். டிக்கட் எடுத்துப் போய்ப் பார்க்கலாம். எங்களுக்கும் ஓய்வு. என் ஊசிகளை என்னிடமே தந்துவிட்டார்கள். வீட்டில் இருந்தால் உன்னைத்தான் நினைப்பேன், அதுதான் பயமாக இருக்கிறது.

ஈனிட்


மட்டக்களப்பு,
4 நவம்பர் 2010

அக்காவுக்கு,

மாதா துணை. எல்லோரும் சுகம். அத்தானின் முழங்கால் எப்படி?

உங்கள் ஜனவரிக் கடிதத்தையும் அதோடு வந்த பழையதையும் பெப்ரவரியில் கடையில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டு ஒரு மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் மாற்றினேன். வடித்த கறுப்பு எண்ணெயைத் திரும்பவும் அதற்குள்ளேயே ஊற்றினேன். சைக்கிளுக்குச் சொந்தக்காரர் கத்தினபிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நாலு வருடம். நான் ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் நிமிர்த்திப் பார்த்துக்கொண்டு திரிந்தேன், நீங்கள் தெரிந்துகொண்டு இருந்தீர்கள். உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத முடியவில்லை. லேபலுக்காக நான் கோபிக்கவில்லை. அதைக் காட்டிக் காட்டி என் பிள்ளை எவ்வளவு சந்தோஷப்பட்டாள் என்று எனக்குத்தான் தெரியும். வாய் திறக்காததற்குத்தான் கோபம்.

இப்போது நான் சொல்கிறதைக் கேளுங்கள். இவள் சமந்தா இல்லை என்று முதல் நாளே எனக்குத் தெரியும்.

வவுனியாவில் சிஸ்டர் பிறப்புச் சான்றிதழைக் காட்டிக்கொண்டு வர உள்ளே போனபோது பிள்ளை என் கிட்ட வந்தது. "ஐயா, நான் உங்கட பிள்ளை இல்லை. என்ரை பேர் ஆர்த்திகா. எங்கட வீட்டில எல்லாரும் பங்கருக்குள்ளையே செத்துப்போச்சினம், நான்தான் மிச்சம். ஓம் எண்டு சொன்னா என்னைக் கூட்டிக்கொண்டு போவீங்களோ?" என்று கேட்டது. சிஸ்டர் திரும்பி வந்தார். கேட்டார். அது ஓம் என்றது. நானும் ஓம் என்றேன்.

உங்களுக்கும் அதையே எழுதினேன். பொய்தான். ஆனால் அன்றைக்கு நான் என்ன நினைத்தேன் தெரியுமா? என் சமந்தா எங்கேயோ இருக்கிறாள், அவளுக்கும் யாரோ ஒருவர் இப்படி ஓம் சொல்லியிருப்பார். அவள் வரும்வரைக்கும் அவளுடைய பெயர் இந்தப் பிள்ளைக்கு. வந்ததும் வாங்கிக் கொடுத்துவிடலாம். அப்படித்தான் நினைத்தேன், அக்கா. உங்கள் கடிதம் வந்தபிறகு திருப்பிக் கொடுக்க ஆள் இல்லை.

முந்தநாள் கல்லறைத் திருநாள். நானும் இவளும் கொழும்புக்குப் போனோம். நீங்கள் எழுதியதை வைத்து, வெளிநாட்டவர்களைப் புதைத்த இடம் எது என்று விசாரித்து அந்த மயானத்தைக் கண்டுபிடித்தோம். காவல்காரர் சிங்கள ஆள், தமிழ் கொஞ்சம் தெரியும். கடலில் போன சின்னப் பிள்ளையின் கல்லறை எது என்று கேட்டதும், "ஆ, அமெரிக்கன் பேபி!" என்றார். சின்னதாக ஒரு சிமெண்டுக் கல், அதில் ஓர் இலக்கம். என்றைக்காவது அமெரிக்காவிலிருந்து தாய் தகப்பன் வருவார்கள் என்று புல் வெட்டித் துப்புரவாக வைத்திருக்கிறார். "நீங்க ஆரு?" என்று கேட்டார். என் பிள்ளையின் மேல் நின்றுகொண்டு, நான் யார் என்று சொல்ல முடியாமல் நின்றேன். "ஊராக்கள்" என்றேன்.

கல்லில் பெயர் வெட்டவேண்டும் என்றால் மரணச் சான்றிதழ் வேண்டுமாம். எடுக்கலாம். எடுத்தால் என் வீட்டில் இருக்கிற சமந்தா யார் என்று கேட்பார்கள். அடுத்த நாளே இவளைக் கொண்டுபோய்விடுவார்கள். நீங்கள் எழுதியதை நானும் யோசித்தேன். இவளுடைய ஊருக்குப் போய் விசாரித்தேன். இவள் சொன்னது உண்மை. தேடி வர ஒரு பெரியப்பன்கூட மிச்சமில்லை.

நாங்கள் மெழுகுதிரி கொளுத்தினோம். "கல்லில என்ன பேர் எழுதப் போறீங்க, டடா?" என்று கேட்டாள். ஒரு வருடத்தில் நம் பேச்சுப் பிடித்துவிட்டாள். "ஒண்டும் எழுதல்ல, புள்ள" என்றேன். அவளுக்கு விளங்கிவிட்டது. கல்லுக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டவள் எழும்பவே இல்லை. "நான் திரும்பிப் போறன், டடா. அவட பேர அவக்கே குடுங்க" என்று அழுதாள். நான் இழுத்துக்கொண்டு வந்தேன். பெற்ற பிள்ளையை அமெரிக்கப் பிள்ளையாக அங்கேயே விட்டுவிட்டு இவளைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். நான் செய்தது சரியோ பிழையோ, ஆண்டவர் கேட்கும்போது பதில் சொல்லிக்கொள்கிறேன்.

இனி உங்களுக்கு ஒரு வேலை. இந்தக் கடிதத்தை எரித்துவிடுங்கள். சுவாமிக்கோ, சொந்தக்காரருக்கோ, அந்தக் காரியாலயத்துக்கோ ஒரு சொல் போகக்கூடாது. என்னிடம் வாய்மூடி இருந்தீர்கள் அல்லவா? இனி இவளுக்காகச் சாகும்வரைக்கும் வாய்மூடி இருங்கள். உங்களை நான் மன்னிப்பதென்றால் அதற்கு இது ஒன்றுதான் வழி.

நத்தாருக்குப் போன் எடுங்கள், இந்தமுறை வைக்கமாட்டேன். அவள்தான் எடுப்பாள். சமந்தா என்று கூப்பிடுங்கள். குரல் நடுங்கக்கூடாது.

உங்கள் தம்பி,
றூபெர்ட்